நடந்து செல்லும் தூரத்தில் ஒரு நற்பாடசாலை

நமது கல்லூரி விழாக் கொண்டாடும் இவ்வாண்டிலே, பழைய மாணவரும் இன்றைய மாணவரும் ஆசிரியரும் ஒருங்கே படிக்கும் இம்மலரிற் கல்லூரியின் பெருமையை எடுத்தோதுவோர் பலர் உளர். அப்பணியை அவர்கட்கே விட்டு, கல்லூரி மதிலுக்கு வெளியேயுள்ள ஒரு பொருளைக் குறித்துச் சில கருத்துக்களைக் கூற விரும்புகின்றோம். குடியிருக்க வீடு தேடும் குடும்பத்தார் இக்காலத்திலே முதலாவதாகக் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. பிள்ளை நடந்து போகக்கூடிய தூரத்திலே நல்ல பாடசாலை உண்டா என்பதே அது. அக்கேள்விக்கு நாம் தேடும் விடை சரியானதா என்பதே இங்கு ஆராயப்படுவது.

குடியிருக்க ஊர் தேடுவோர் அங்கே கோயில் உண்டோ என்று முதலிற் பார்த்தல் வேண்டும் என்பது முன்னோர் அறிவுரை. யாழ்ப்பாணத்திலோ பெரும்பாலோர்க்கு ஊர் தேடும் வேலையே இருந்ததில்லை. சீதனமாக வந்த வீடும் வளவும் எவ்விடத்தனவோ அவ்விடமே குடும்பத்தின் ஊராயிற்று. கிணற்று நீர் நன்னீரோ உவர்நீரோ என்று விசாரித்தவர்கள் பாடசாலையைப் பற்றி விசாரித்ததில்லை; ஒழுங்கையின் முடிவிலே எந்தப் பாடசாலை இருந்ததோ அதுவே பிள்ளையின் பாடசாலை. இன்று அந்நிலை மாறிவிட்டது. திருமணப் பேச்சிலேயே, வீடு எந்தப் பாடசாலைக்கு அண்மையில் உள்ளது என்று கேட்கும் வழக்கம் வந்திருக்கின்றது. கொழும்பிலே, காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி ஒழுங்கைகளில், ஊரிலே இரண்டு பரப்புக் காணி வாங்கப் போதுமான பணத்தை வீட்டு வாடகையாகக் கொடுத்து வாழும் குடும்பங்கள் பல. அவை அங்கே வாழ்வதற்குரிய காரணங்களுள் ஒன்று, பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியும் சைவ மங்கையர் வித்தியாலயமும் இராமநாதன் இந்து மகளிர் கல்லூரியும் பிள்ளைகள் கால்நடையாய்ச் சென்று மீளக்கூடிய எல்லைக்குள் இருப்பதாகும்.

இவ்விருப்பத்தை நாம் குறைகூறவில்லை. பிள்ளை நடந்தே பள்ளி செல்லும் அயல் எத்தகைய செல்வம் என்பதை அறிய விரும்புவோர் வண்ணார்பண்ணையைப் பார்க்கலாம். ஆறுமுகநாவலர் 1848 ஆம் ஆண்டிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியது அவ்வூரிலேதான். சிவன் கோயிலும் கடைத்தெருவும் அச்சுக்கூடமும் வீடுகளும் அடுத்தடுத்து அமைந்த அவ்வூரிலே பின்னர் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியும் எழுந்தது. அங்கிருந்து சந்தையும் வைத்தியசாலையும் பஸ் நிலையமும் பொது நூலகமும் நடந்து செல்லத்தக்க தூரத்திலேயே உள்ளன. அத்தகைய அயலிலே வளரும் பிள்ளை, பள்ளிக்குச் செல்லும் வழியிலே கொல்லனையும் தச்சனையும் கடைக்காரனையும் பூசகரையும் முகமறிந்து வளர்கின்றது. தான் பிழைசெய்தாற் கண்டிக்கவும், விழுந்தால் தூக்கிவிடவும் வழிநெடுக மனிதர் உளர் என்பதை அது கற்றுக்கொள்கின்றது. வானிலே ஏற்றிக் கதவடைத்துக் கொண்டுபோய் இறக்கப்படும் பிள்ளைக்கு இக்கல்வி கிடைப்பதில்லை. ஆசிரியராகிய நாம் காலையில் வகுப்பறை வாயிலிலே நின்று பார்க்கும்போது, நடந்துவந்த பிள்ளையின் முகத்துக்கும், விடியுமுன் எழுப்பப்பட்டு அரைத் தூக்கத்தோடு வந்திறங்கும் பிள்ளையின் முகத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தினந்தோறும் காண்கின்றோம்.

ஆயின், அத்தகைய அயல் எவ்வாறு உண்டாகின்றது? நல்ல பாடசாலை இருக்கும் இடத்தை நோக்கி மக்கள் ஓடியதனால் அது உண்டானதன்று. மக்கள் இருந்த இடத்தை நோக்கிப் பாடசாலை வந்ததனால் உண்டாயது. 1923 ஆம் ஆண்டிலே தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம், இந்துபோர்ட் இராசரத்தினம் என்று மக்கள் அழைத்த பெரியாரின் அயரா உழைப்பினாலே, நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகளைக் கிராமந்தோறும் நடத்தியது. ஓலைக் கொட்டிலாயினும் பிள்ளையின் படலையிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு சைவப் பாடசாலை இருத்தல் வேண்டும் என்பதே அதன் நோக்கமாயிருந்தது. 1940 களிலே கலாநிதி கன்னங்கரா அவர்கள் நாடெங்கும் 54 மத்திய பாடசாலைகளை நிறுவியபோதும் அவர் கருதியது இதுவேயாம். நகரத்துப் பெருங்கல்லூரிகளிலே கிடைத்த கல்வி கிராமத்துப் பிள்ளைக்குத் தன் தொகுதியிலேயே கிடைத்தல் வேண்டும் என்று அவர் எண்ணினார். 1945 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, பணம் என்னும் தடையை நீக்கிற்று. 1960, 1961 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளுட் பெரும்பாலானவற்றை அரசாங்கத்தின் கீழ்க் கொண்டுவந்தன. அதன் பின்னர், பாடசாலைகளுட் பெரும்பாலானவை ஒரே அரசாங்கத்தின் பாடசாலைகளாதலின், அவற்றிடையே ஏற்றத்தாழ்வு குறையும் என்றே பலரும் எதிர்பார்த்தனர்.

நிகழ்ந்தது வேறு. பெயர்பெற்ற பாடசாலைகள் மேலும் பெருத்தன, ஏனையவை மெலிந்தன. அரசாங்கம் தரம் 1 அனுமதிக்கு விதிகளை வகுத்தது. பல ஆண்டுகளாக வந்த சுற்றறிக்கைகளின்படி, இடங்களில் நூற்றுக்கு 50 பாடசாலைக்கு அண்மையில் வசிப்போரின் பிள்ளைகட்கும், 25 பழைய மாணவரின் பிள்ளைகட்கும், 15 ஏற்கனவே அங்கே படிப்போரின் சகோதர சகோதரிகட்கும், எஞ்சியவை கல்வித்துறைப் பணியாளர், இடமாற்றம் பெற்ற அரச உத்தியோகத்தர், வெளிநாட்டிலிருந்து மீண்டோர் ஆகியோரின் பிள்ளைகட்கும் வகுக்கப்பட்டன. வதிவிடத்தை நிறுவுதற்குக் காணி உறுதியும், முந்திய ஐந்தாண்டு வாக்காளர் இடாப்பிலே பெற்றோரின் பெயரும் பார்க்கப்படும். வீட்டுக்கு அண்மையிலே வேறு அரசாங்கப் பாடசாலைகள் இருப்பின் அவை ஒவ்வொன்றுக்கும் புள்ளி குறைக்கப்படும். தூரம் வான்வழியே நேர்கோட்டில் அளக்கப்படும். பிள்ளையோ வானிலே பறந்து செல்வதில்லை. புகையிரதப் பாதையையும் மூடப்படாத வடிகாலையும் பேருந்து விரையும் பெருவீதியையும் கடந்தே அது செல்லவேண்டியிருக்கின்றது.

விதியின் நோக்கம் நன்று. அயலவர் பிள்ளைக்கு முதலிடம் என்பதை யார் மறுப்பர்? ஆனால், நல்ல பாடசாலைகள் சிலவாகவும் அவற்றை விரும்புவோர் பலராகவும் இருக்கும்போது, எத்துணை நல்ல விதியும் வீட்டு விலையை உயர்த்தும் கருவியாகிவிடுகின்றது. உறுதி உடையவன் வெல்கின்றான். வாடகைக்கு இருக்கும் கூலித் தொழிலாளி அதே ஒழுங்கையில் வாழ்ந்தும் தோற்கின்றான். அதனினும் பெரிய கேடு ஒன்றுளது. குடியிராத வீட்டிலே குடியிருப்பதாகப் பத்திரம் தேடும் பெற்றோரை நாம் கண்டிருக்கின்றோம். அவர்கள் தீயவரல்லர், பிள்ளைமேற் கொண்ட அன்பினாலும் அச்சத்தினாலும் அது செய்பவர்கள். "உன் வீடு எங்கே என்று யாராவது கேட்டால் இந்த வீதியின் பெயரைச் சொல்" என்று ஐந்து வயதுக் குழந்தைக்கு வீட்டிலே பாடம் நடக்கின்றது. கல்விச்சாலையின் வாயிலைக் கடப்பதற்காகக் குழந்தை கற்கும் முதற்பாடம் பொய்யாயிருப்பின், அதன்பின் நாம் வகுப்பிலே ஒழுக்கம் கற்பிப்பது எங்ஙனம்?

இவ்வோட்டத்தின் மறுபுறத்தையும் காணல் வேண்டும். இலங்கையிலுள்ள ஏறத்தாழ 10,000 அரசாங்கப் பாடசாலைகளில் ஏறத்தாழ 3,000 பாடசாலைகளிலே நூறு மாணவர் தானும் இல்லை. போரினாலும் இடப்பெயர்வினாலும் பிறப்பு வீதக் குறைவினாலும் மெலிந்தவை அவற்றுட் பல. அயலவர் தம் பிள்ளைகளை வேறிடம் அனுப்புவதனால் மெலிந்தவையும் பல. வசதியுள்ள பெற்றோரின் பிள்ளைகள் போனபின் அபிவிருத்திச் சங்கத்திலே பேசுவார் இல்லை. பேசுவார் இல்லாத பாடசாலைக்கு ஆசிரியர் வருதல் தாமதமாகும். ஆசிரியர் இல்லாத பாடசாலையை விட்டு மிகுந்த பிள்ளைகளும் போவர். இறுதியில், வேலியும் கிணறும் வேப்பமரமும் உள்ள ஒரு வெற்று வளவு எஞ்சுகின்றது. அதே வேளையில், பெயர்பெற்ற பாடசாலைகளின் முன்னே காலை ஏழரை மணிக்கு முன் வான்களும் முச்சக்கர வண்டிகளும் மோட்டார்ச் சைக்கிள்களும் நெருங்கி நிற்க, அப்பாடசாலையின் பக்கத்து வீட்டுப் பிள்ளையே வீதியைக் கடக்க அஞ்சி நிற்கின்றது. நடந்து செல்லத்தக்க அயலைத் தேடி எல்லோரும் ஓரிடத்துக்கு வாகனங்களில் வந்தால், அவ்விடம் நடந்து செல்லத்தகாத அயலாகிவிடுகின்றது.

இஃது இலங்கைக்கு மட்டும் உரிய சிக்கலன்று. கனடாவிலே தொறன்ரோ நகரிலும் இங்கிலாந்திலும் வாழும் நமது பழைய மாணவர் இதனை நன்கறிவர். அங்கும் வீட்டு விலாசமே பிள்ளையின் பாடசாலையைப் பெரிதும் தீர்மானிக்கின்றது. நல்ல பாடசாலையின் எல்லைக்குள் வீடு வாங்கும் போட்டி அங்கும் உண்டு. அமெரிக்க அறிஞர் கிளாரன்ஸ் பெரி 1929 ஆம் ஆண்டிலே நியூயோர்க் நகரப் பிரதேசத்துக்கான திட்டமொன்றில், ஒரு குடியிருப்பின் நடுவிலே ஆரம்பப் பாடசாலையை வைத்து, எந்தப் பிள்ளையும் அரை மைலுக்கு மேல் நடவாமலும் பெருவீதியைக் கடவாமலும் அதனை அடையும்படி ஊரை அமைத்தல் வேண்டும் என்று கூறினார். வீதிக்கும் பள்ளிக்கும் உள்ள உறவை அவர் சரியாகக் கண்டார். ஆனால் பாடசாலையை அண்மையில் வைத்தல் மாத்திரம் போதாது. அதனை நல்லதாக வைத்தலும் வேண்டும். இதற்கு ஜப்பான் எடுத்துக்காட்டாகும். அங்கே ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள் பெரும்பாலும் தம் அயலிலுள்ள பொதுப் பாடசாலைக்கு நடந்தே செல்கின்றனர். பல இடங்களில் மூத்த பிள்ளைகள் இளையோரை அழைத்துக் கூட்டமாகச் செல்வர். பொதுப் பாடசாலை ஆசிரியர்கள் சில ஆண்டுகட்கு ஒருமுறை பாடசாலை மாற்றப்படுவதனால், நல்லாசிரியர் எல்லோரும் ஓரிடத்திலே தேங்குவதில்லை. அயலிலுள்ள பாடசாலையை நம்பலாம் என்னும் துணிவு பெற்றோர்க்கு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

நமது நாட்டிலும் 2016 ஆம் ஆண்டிலே, அண்மையிலுள்ள பாடசாலையே சிறந்த பாடசாலை என்னும் பெயரில் அரசாங்கம் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பெயர் பொருத்தமானதே. கட்டடம் எழுதலும் நன்றே. ஆனால், கட்டடத்தைப் பார்த்துப் பெற்றோர் மனம் மாறுவதில்லை. யார் வீட்டுப் பிள்ளைகள் அங்கே படிக்கின்றனர் என்பதைப் பார்த்தே அவர்கள் மனம் மாறுகின்றது. ஆதலின் இக்காரியத்தை அரசாங்கத்திடம் மாத்திரம் விட்டுவிடுதல் இயலாது.

இங்கே ஒரு தடை எழுப்பப்படும். அயற் பாடசாலை என்று பேசுவது, ஏழையை ஏழையின் குறிச்சியிலேயே கட்டிவைப்பதாகாதா என்று கேட்பர். இக்கேள்வியைத் தட்டிக்கழித்தல் தகாது. யாழ்ப்பாணத்து அயல்கள் நெடுங்காலம் சாதியால் வகுக்கப்பட்டவை. ஒரே அயலில் வாழ்ந்தும் ஒரு சாராரின் பிள்ளைகட்குப் பாடசாலைக் கதவு அடைக்கப்பட்ட காலமும், உள்ளே விடப்பட்டும் நிலத்திலே இருத்தப்பட்ட காலமும் இருந்தன. 1930 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திலே சமாசனத்தை எதிர்த்துப் பாடசாலைக் கொட்டில்கள் எரிக்கப்பட்டதும் நமது வரலாற்றின் பகுதியே. ஆகவே நாம் வேண்டும் அயற் பாடசாலை, அயலவர் அனைவர்க்கும் உரிய பாடசாலையாதல் வேண்டும். ஒழுங்கையின் மேற்கே உள்ள மாடிவீட்டுப் பிள்ளையும் கிழக்கே உள்ள குடிசைப் பிள்ளையும் ஒரே வாங்கில் இருக்கும் பாடசாலையே அது. மாடிவீட்டுப் பிள்ளை வானேறிப் போய்விடக் குடிசைப் பிள்ளை மட்டும் எஞ்சிய பாடசாலை, பழைய பிரிவினையைப் புதிய வழியிலே காப்பதாகும். திறமையுள்ள ஏழைப் பிள்ளை ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சையில் வென்று பெரிய கல்லூரிக்கு வருதலை நாம் மறுக்கவில்லை. அவ்வழி திறந்தே இருத்தல் வேண்டும். ஆயினும் வென்றுவந்த ஒரு பிள்ளையைப் பாராட்டும்போது, அங்கேயே இருந்துவிட்ட முப்பது பிள்ளைகளையும் நினைத்தல் நம் கடமையாம்.

மற்றொரு தடை, "பொதுநலத்துக்காக என் பிள்ளையைப் பலியிடுவதா?" என்பது. நேர்மையான கேள்வி. இதற்கு முதலில் மறுமொழி கூறவேண்டியவர்கள் ஆசிரியராகிய நாமே. தாம் கற்பிக்கும் பாடசாலையிலே தம் பிள்ளையைச் சேர்க்காத ஆசிரியர் எத்தனை பேர்! சமையற்காரன் தான் சமைத்ததைத் தானே உண்ணாவிடின் விருந்தினர் எப்படி உண்பர்? ஆசிரியர் பிள்ளைகள் இருவர் ஒரு சிறிய பாடசாலையிற் சேர்ந்தால், அடுத்த ஆண்டில் அயலவர் பிள்ளைகள் பலர் சேர்வர். பலிகொடுக்கச் சொல்லவில்லை, பார்த்தபின் தீர்மானிக்குமாறே பெற்றோரைக் கேட்கின்றோம். வீடு தேடுபவர் ஒரு வேலைநாட் காலையிலே தம் பிள்ளையின் கையைப் பிடித்து, அண்மையிலுள்ள பாடசாலைக்கு நடந்து சென்று பார்க்கட்டும். வழியிலே நிழல் உண்டா, நடைபாதை உண்டா, கடக்கவேண்டிய பெருவீதிகள் எத்தனை என்று பார்க்கட்டும். பாடசாலையிலே ஒவ்வொரு தரத்துக்கும் ஓர் ஆசிரியர் உண்டா, குடிநீரும் மலசலகூடமும் தூய்மையாக உள்ளனவா, வாசிக்கப் புத்தகங்கள் பிள்ளைகளின் கைக்கு எட்டும் இடத்திலே உள்ளனவா, அதிபர் பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைக்கின்றாரா என்று பார்க்கட்டும். இவை உள்ள இடத்திலே, ஆறு வயதுப் பிள்ளைக்கு எழுத்தும் எண்ணும் நற்பழக்கமும் குறைவின்றிக் கிடைக்கும். இருபத்தைந்து பிள்ளைகள் உள்ள வகுப்பிலே ஓர் ஆசிரியர் செய்யக்கூடியதை நாற்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உள்ள வகுப்பிலே செய்தல் அரிது என்பதை, இரு வகை வகுப்புகளிலும் கற்பித்த அனுபவத்தாற் கூறுகின்றோம்.

இனி, பழைய மாணவராகிய அன்பர்கட்கு மூன்று விண்ணப்பங்கள்.

முதலாவது, விழா நிதியைப் பற்றியது. நுழைவாயில் வளைவும் மண்டபத் திரைச்சீலையும் வேண்டாமென்று நாம் கூறவில்லை. ஆனால் திரட்டும் நிதியிற் பத்தில் ஒரு பங்கையாவது, கல்லூரியிலிருந்து அரை மைலுக்குள் உள்ள சிறிய ஆரம்பப் பாடசாலைகளின் வாசிகசாலைக்கும் குடிநீருக்கும் ஒதுக்குங்கள். அங்கே படிக்கும் பிள்ளைகளே சில ஆண்டுகளில் நமது கல்லூரிக்கு வரவிருப்பவர்கள். வேருக்கு ஊற்றும் நீர் மரத்துக்கே சேரும்.

இரண்டாவது, வீதியைப் பற்றியது. மாநகர சபையிடமும் பொலிசாரிடமும் பேசத்தக்க செல்வாக்கு உடையவர் உங்களுட் பலர். பாடசாலைகளைச் சூழ்ந்த வடிகால்களுக்கு மூடியிடவும், கடவைகளிற் கோடு அழியாதிருக்கவும், காலையும் மதியமும் அரைமணி நேரம் பாடசாலை ஒழுங்கைகளில் வாகனம் நுழையாதிருக்கவும் முயலுங்கள். நமது சாரணரும் மாணவ முதல்வரும் அயற் சிறார்களைக் கூட்டமாக அழைத்துச் செல்லும் பணியை மேற்கொள்ளலாம். அதனைவிடச் சிறந்த சாரணியம் யாதுளது?

மூன்றாவது விண்ணப்பம் சிலர்க்குக் கசக்கலாம். சுற்றறிக்கை பழைய மாணவரின் பிள்ளைகட்கு வகுத்த நூற்றுக்கு 25 என்னும் பங்கு சட்டம் தந்த உரிமை. தந்தை படித்த வகுப்பறையிலே மகனும் இருத்தல் இனியதே. அதனை நாமும் அறிவோம். ஆனாற் பல மைல்களுக்கு அப்பால், வேறொரு நல்ல பாடசாலையின் பக்கத்திலே வாழ்பவர் அவ்வுரிமையைப் பயன்படுத்தும்போது, கல்லூரி மணியோசை கேட்கும் தூரத்திலே வாழும் ஒரு பிள்ளை தன் இடத்தை இழக்கக்கூடும். உரிமை இருப்பது ஒன்று. அதனை ஒவ்வொருவரும் எடுத்தே தீரவேண்டும் என்பது வேறு. நமது கல்லூரி தங்களுக்குக் கற்பித்தது இதுவென்று காட்ட விரும்பும் பழைய மாணவர், தாம் இன்று வாழும் ஊரின் பாடசாலையிலே தம் பிள்ளையைச் சேர்த்து, அதன் அபிவிருத்திச் சங்கத்திலே அமர்ந்து, அதனையும் நமது கல்லூரிபோல் ஆக்கட்டும். கல்லூரியின் பெயர் அவ்வாறே ஊரூராய்ப் பரவும்.

நடந்து செல்லும் தூரத்திலே நற்பாடசாலை உள்ள அயல் விற்பனைக்கு ஆயத்தமாக எங்கோ இருப்பதன்று. அங்கே வாழ்வோர் தம் பிள்ளைகளை அங்கேயே படிப்பித்து, ஆண்டுதோறும் சிறிது சிறிதாய் ஆக்குவது அது. நாவலர் காலத்தவரும் இராசரத்தினம் காலத்தவரும் தமது குறைந்த பொருளைக் கொண்டு அதனைச் செய்தனர். அவர்கள் நட்ட நிழலிலே படித்த நாம், நமது ஒழுங்கையின் முடிவிலுள்ள சிறிய பாடசாலையின் படலையைத் திறந்து உள்ளே சென்று பார்த்தலையாவது இவ்விழா ஆண்டிலே செய்வோமாக. நமது கல்லூரி நீடு வாழ்க. அதன் அயலிலுள்ள பாடசாலைகள் யாவும் அதனோடு ஒருங்கு வாழ்க.